இயந்திரத்திடம் சொன்ன பொய்

அத்தியாயம் 9

பழனிக்குமார் பொய் சொல்லப் போகிறான் என்பது அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஃபாயிஸாவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமலே கூல்டிரிங்ஸ் வாங்கி வைப்பவன் எவனும் உண்மை பேசி அவள் பார்த்ததில்லை.

"குடிங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க."

"மொதல்ல நீங்க விஷயத்தச் சொல்லுங்க. தொண்டை வறண்டா நானே எடுத்துக்கிறேன்."

திண்டுக்கல் பழனி ரோட்டில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவனுடைய ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, மில் விளம்பரம், எது வந்தாலும் எடுப்பான். எடுத்ததை வெட்டி ஒட்டும் அறை மட்டும் ஏசி போட்டுக் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிரிலும் அவனுக்கு நெற்றி வேர்த்தது.

ஃபாயிஸாவின் முதலாளி அருள்நாதன் எதிர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கிழித்துக் கிழித்தே தலை நரைத்தவர். அங்கிருந்து வெளியேறி சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது அவரிடம் இருந்தது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஃபாயிஸாவின் வாய். மூன்றில் மின்விசிறி அவ்வப்போது நிற்கும்.

வந்த விஷயம் விளையாட்டானதல்ல. ரெட்டியார்சத்திரம் பேச்சாயியின் மகள் நாகஜோதி, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள், பங்குனி மாதத்தில் செத்துப்போனாள். ரோட்டோரம் கிடந்தாள் என்று மில் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்கு அவள் ஷிப்டுக்கே வரவில்லையாம். எவனோடோ பைக்கில் ஓடிப்போகும்போது விழுந்துவிட்டாளாம். மில் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டது, ஊர் மென்று துப்பியது. பேச்சாயி மட்டும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் விழுந்தவள் தலைமுடியில், வேர் வரைக்கும், பஞ்சு எப்படி ஏறியது?

"எம் மக ஓடிப்போகல தாயி. அத மட்டும் எடுத்துக் குடுங்க. செத்தவளா திரும்பி வரப் போறா? அவ பேராச்சும் வீடு வந்து சேரட்டும்," என்று ஃபாயிஸாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, ஃபீஸ் மாதிரி ஒரு கட்டு முருங்கைக்காயை மேஜைமேல் வைத்துப் போயிருந்தாள். அவளுடைய மகன் பாண்டியராஜ் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

நாகஜோதி செத்த அன்று மில்லில் விளம்பரப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒரே நாள் ஷூட்டிங். எடுத்தவன் பழனிக்குமார். அந்தப் படத்தில் ஏதாவது ஒரு மூலையில் அவள் முகம் தெரிந்தாலும் போதும், மில் கட்டிய கதை மொத்தமும் சரிந்துவிடும். "உங்க மகளப் படத்துல காட்டுறேன்மா," என்று ஃபாயிஸா அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டாள். அருள்நாதன் அவளை முறைத்தார். அந்த முறைப்புக்குக் காரணம் இருந்தது என்பது இப்போது புரிந்தது. எடுத்த படம் முழுக்க ஒரு கறுப்பு டிஸ்க் பெட்டியில் இருந்ததாம். இப்போது பெட்டி இருக்கிறது, படம் இல்லை.

"மில்காரங்கதான் சார்," என்றான் பழனிக்குமார். "மேனேஜரும் இன்னொரு ஆளும் வந்தாங்க. நான் இதே கம்ப்யூட்டர்ல ஒரு கல்யாண எடிட்டிங் பாத்துக்கிட்டு இருந்தேன். தம்பி, கீழ போயி டீ சொல்லிட்டு வான்னாங்க. போயிட்டு வாறதுக்குள்ள அந்தப் பெட்டிய ஷெல்ஃபுல இருந்து எடுத்து மாட்டி, எல்லாத்தையும் அழிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க."

"காமிராவுல இருந்த கார்டு?"

"அத மறுநாளே அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். எல்லா ஸ்டூடியோவுலயும் அப்படித்தான் சார். அந்தப் பொண்ணு அன்னைக்கு வந்துச்சுன்னு நான் வெறும் வாயால சொன்னா போலீஸ் நம்புமா?"

அருள்நாதன் கண்ணைத் திறந்தார். "அவங்க வந்தப்ப கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு?"

"ஆமா சார்."

"இப்பவும் ஓடுது. அந்தப் பெட்டிய ஒரு தடவ மாட்டிக் காட்டு."

பழனிக்குமார் எழுந்து ஷெல்ஃபிலிருந்து பெட்டியை எடுத்தான். மேஜையில் வைத்தான். அடுத்து அவன் கை தானாகவே மவுஸுக்குப் போய்க் கம்ப்யூட்டரை அணைக்கப் பார்த்தது.

"அத ஏன் அணைக்கிற?"

கை அப்படியே நின்றது.

"இது ஒரிஜினல் மேக் இல்ல சார்," என்றான் கடைசியில். "அத வாங்க நமக்கு வக்கு ஏது. சாதா பார்ட்ஸை வாங்கிப் பூட்டி, அதுல மேக் சாஃப்ட்வேரை ஏத்தியிருக்கு. இந்தப் பெட்டி தண்டர்போல்ட்னு ஒரு தனி வயர்ல மாட்டுற பெட்டி. அதுக்குன்னு தனியா ஒரு கார்டு வாங்கி உள்ள சொருகியிருக்கோம். ஒரிஜினல்ல எப்ப மாட்டுனாலும் வரும். இதுல பெட்டிக்கு மொதல்ல கரண்டு குடுக்கணும், லைட்டு சிமிட்டாம நிக்கணும், அப்புறம்தான் கம்ப்யூட்டர ஆன் பண்ணணும். ஓடுறப்ப மாட்டுனா கண்டுக்கவே கண்டுக்காது."

"மாப்பிள்ளை மணையில உக்காந்த பெறகுதான் பொண்ணக் கூட்டிட்டு வரணும்," என்றாள் ஃபாயிஸா. "மாத்திச் செஞ்சா கல்யாணம் இல்ல."

"அதேதான் மேடம்."

"ஆக," என்றார் அருள்நாதன், "நீ மாட்டினா கண்டுக்காத கம்ப்யூட்டர், மில் மேனேஜர் வந்து மாட்டினதும் எந்திரிச்சு வணக்கம் சொல்லியிருக்கு."

பழனிக்குமார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். வாங்கி வைத்த கூல்டிரிங்ஸை அவனே எடுத்துக் குடித்தான்.

உண்மை ரொம்பச் சின்னதாக இருந்தது. மில்லிலிருந்து யாரும் வரவில்லை. ஷூட்டிங் முடிந்த மூன்றாம் நாள் அவன் நிலக்கோட்டையில் ஒரு பூ வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பெட்டியைப் போட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்டூடியோ பூட்டு உடையவில்லை. சாவி எப்போதும் கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தொங்கும்.

"பூட்டுக்குப் பேர்போன ஊருல இருந்துக்கிட்டு," என்றாள் ஃபாயிஸா, "சாவிய மீட்டர் பெட்டியில தொங்க விடுறீங்க."

"எல்லாரும் அங்கதான மேடம் வைக்கிறாங்க."

"எதுக்கு மேனேஜர் வந்ததாச் சொன்ன?" என்றார் அருள்நாதன்.

"மில்லுதான் செஞ்சிருக்கும் சார், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா யாருன்னு தெரியாதுன்னு சொன்னா, நானே மில்லுக்கு வித்துட்டேன்னு நீங்க சொல்லுவீங்க. அதான் கண்ணால பாத்த மாதிரி சொல்லிட்டேன்."

"பெட்டிக்கு முதல்ல கரண்டு, அப்புறம் கம்ப்யூட்டர். இந்த வரிசை யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் இதச் செஞ்சு குடுத்த பாண்டிக்கு. பாண்டியராஜ் சார், பேச்சாயி அக்கா மகன். மில்லுல எலக்ட்ரிக்கல் பாக்குறான், மத்த நேரம் இந்த மாதிரி கம்ப்யூட்டர் பூட்டிக் குடுப்பான். மில்லு ஆர்டரே அவன் சொல்லித்தான் எனக்கு வந்துச்சு."

ஃபாயிஸா மனசுக்குள் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒரு பேரை அடித்துவிட்டாள். செத்தவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மிச்சம் இருப்பது கூல்டிரிங்ஸ் குடித்துக்கொண்டிருக்கும் இந்த ஆசாமிதான். நிலக்கோட்டையில் மைக் செட் முன்னால் நூறு பேர் பார்க்க நின்றிருந்தாலும், எப்படி மாட்டுவது என்று போனில் மில்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு அவனை ஏற்கெனவே பிடிக்கவில்லை. அது ஒரு வசதி.

அருள்நாதன் அதற்குள் தரையில் முட்டி போட்டுவிட்டார். "இந்த டப்பாவத் திற."

பக்கத்து மூடியைக் கழற்றினார்கள். உள்ளே தூசு, வயர்கள், ஒரு பெரிய காற்றாடி. அடியில் சொருகியிருந்த சின்னக் கார்டைப் பழனிக்குமார் காட்டினான். அதன் ஓரத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த ஊசிகளில் இரண்டை இணைத்து அரை விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர். வயரின் இரண்டு முனையிலும் பால்பாயிண்ட் பேனா ரீஃபிலைத் துண்டாக நறுக்கி, உறை மாதிரி மாட்டியிருந்தது. நீல மை இன்னும் ஒட்டியிருந்தது.

"இது என்ன சிங்காரம்?" என்றாள் ஃபாயிஸா.

"இந்த மதர்போர்டு இந்தக் கார்டுக்குன்னு செஞ்சது இல்ல மேடம். கார்டு போர்டைப் பாத்து, நான் முழிச்சுக்கலாமான்னு கேக்கும். போர்டு சரின்னு சொல்லணும். இந்தப் போர்டுக்குச் சொல்லத் தெரியாது. அதனால அந்த ரெண்டு ஊசிய வயர் போட்டுச் சேத்துட்டா, போர்டு சரின்னு சொல்லிருச்சுன்னு கார்டு நினைச்சுக்கும்."

"கார்டை ஏமாத்துறது."

"ஏமாத்துனாத்தான் மேடம் வேலை ஓடும்."

அருள்நாதன் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரீஃபில் உறை எதுக்கு?"

"பாண்டி கைவேலை சார். வேற எதுலயும் முனை பட்டுறக் கூடாதுன்னு போடுவான். கடையில அதுக்குன்னு உறை விக்கும். அவன் பேனாவத்தான் நறுக்குவான்."

அவர் வயரை மெதுவாகப் பிடுங்கித் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார். ரிசப்ஷன் எடிட்டிங் நிற்கிறதே என்று பழனிக்குமார் புலம்பியது மாடிப்படி வரை கேட்டது.

கீழே டீக்கடையில் நைனா முகமது அவர்களுக்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். "மாடிக்காரர்கிட்ட சொல்லுங்க சார். அவரு ஏசி போட்டா தண்ணி என் வடைச்சட்டி மேலதான் சொட்டுது. அன்னைக்கு அவரு நிலக்கோட்டைக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு, மேல எவனோ ஏசியப் போட்டுட்டு மத்தியானத்துல இருந்து பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருக்கான். வாளி வாளியா ஊத்தினேன்."

"யாருன்னு பாத்தீங்களா பாய்?"

"வடைக்கு நடுவுல எங்கம்மா மாடியப் பாக்குறது? படி பின்னாடி இருக்கு."

ஸ்கூட்டரை ஃபாயிஸா ஓட்டினாள், அருள்நாதன் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கரூர் ரோட்டில் காற்று அனலாக அடித்தது.

"சார், ஒரு டிஸ்க்கை அழிக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்னு பழனிக்குமாரே சொன்னான். அந்த ஒண்ணுல அவன் பொய் சொல்லல."

"அப்ப வந்தவன் பொழுது சாயிற வரைக்கும் என்ன பண்ணினான்? ஏசி நல்லாருக்குன்னு தூங்கிட்டானா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாதபோது பதில் அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் ஃபாயிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேடசந்தூரில் கருப்பம்மாள் காத்திருந்தாள். நாகஜோதி வேலை பார்த்த மிஷினுக்கு அடுத்த மிஷினில், அதே ஷிப்டு பார்த்தவள். பத்துத் தடவை போன் அடித்தும் பேசாதவள், இன்றைக்குக் காலையில் அவளாகவே கூப்பிட்டு, மில் பஸ் இறக்கிவிட்டதும் பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம் என்றிருந்தாள். கம்பெனிச் சீருடைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கூட வந்த பெண்கள் கலைகிற வரை முறுக்குக் கடையில் விலை கேட்கிற மாதிரி நின்றாள்.

"அவ அன்னைக்கு வந்தா," என்றாள், முறுக்கைப் பார்த்துக்கொண்டே. "ஷிப்டு மாறுறப்ப நானே பாத்தேன். படம் புடிக்கிறாகன்னு பூ வச்சிட்டு வந்திருந்தா. ஆனா நான் சாச்சி சொல்ல வர மாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு."

"வேற என்ன சொல்லக் கூப்பிட்டீங்க?"

கருப்பம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். கழுவின பாத்திரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் காகிதம். அதைப் பிரித்து ஃபாயிஸாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அரை விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர். இரண்டு முனையிலும் நீல மை ஒட்டிய ரீஃபில் உறை.

"பஞ்சு பிரிக்கிற மிஷினு கதவுல ஒரு சுவிச்சு இருக்கு. கதவத் தொறந்தா மிஷினு தன்னால நிக்கும். இந்த வயர அதுல மாட்டிட்டா, கதவு மூடித்தான் கெடக்குன்னு மிஷினு நெனைச்சுக்கும். தொறந்தாலும் ஓடும். அவள வேன்ல ஏத்துனதுக்குப் பெறகு சூப்பர்வைசரு இதப் பிடுங்கி கழிவுப் பஞ்சுல போட்டாரு. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். வீட்டுல வச்சிருக்க முடியல, தூக்கமே வரல."

"யாரு மாட்டுனது?"

"யாருன்னு மட்டும் என்னயக் கேக்காதீக. நாளைக்கு நான் பேச்சாயி அக்கா மொகத்துல முழிக்கணும்." அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஃபாயிஸா உள்ளங்கையை மூடாமல் நின்றாள். அருள்நாதன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து முதல் வயரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டில் எது எது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்கு ஸ்டூடியோவுலயே தெரியும்," என்றாள்.

"பயந்தேன். தெரியாது."

"நீங்க தப்பா இருந்தா நல்லாருக்கும் சார்."

"ஆமா," என்றார் அவர்.

திண்டுக்கல்லைத் தாண்டி ரெட்டியார்சத்திரம் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றப் போகும் வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின, அவள் ஒன்றைக்கூடத் திட்டவில்லை. அருள்நாதனுக்கே அது பொறுக்கவில்லை போல, நடுவில் ஒரு தடவை, "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டார்.

பேச்சாயி தோட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. முன்னறையில் பாண்டியராஜ் மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஊர்க்காரர்களின் செல்போன், சார்ஜர், பழைய ரேடியோ. கையில் பிளேடு. நறுக்கிக்கொண்டிருந்தது ஒரு பேனா ரீஃபில்.

அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்க சார். அம்மா செத்த நேரத்துல வந்துரும்."

அருள்நாதன் இரண்டு வயர்களையும் ஸ்டார்ட்டர் மூடியின்மேல் வைத்தார். "ஒண்ணு ஸ்டூடியோக் கம்ப்யூட்டர்ல இருந்தது. ஒண்ணு மில் மிஷின்ல இருந்தது. கலந்து போச்சு. எது எதுன்னு நீதான் சொல்லணும்."

அவன் இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எனக்கும் தெரியல சார்," என்றான். "ரெண்டும் ஒரே மாதிரிதான் செய்வேன்."

பிளேடைக் கீழே வைத்தான். அப்புறம் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தான், ரொம்ப நாளாக யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி.

"காமிரா ஓடுறப்ப மிஷினு நின்னுறக் கூடாதுன்னு சூப்பர்வைசரு சொன்னாரு. பழைய கதவு, லேசா ஆடுனாலே நின்னுரும். படம் புடிக்கிற வரைக்கும்தானன்னு வயரப் போட்டேன். காமிரா அடுத்த டிபார்ட்மெண்டுக்குப் போகவும் நானும் லைட்டுக்குக் கரண்டு குடுக்க அவங்க பின்னாடியே போயிட்டேன். எடுக்க மறந்துட்டேன். அவ எப்பவும் போல கதவத் தொறந்திருக்கா. தொறந்தா நிக்கும்னுதான அவளுக்குத் தெரியும். போட்டிருந்த துப்பட்டாவப் புடிச்சு மிஷினு இழுத்திருச்சு."

ஸ்டார்ட்டரின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே மேலே சொன்னான்.

"மேனேஜரு தனியாக் கூப்பிட்டாரு. மிஷினு கொன்னுச்சுன்னு கேஸு வந்தா மொதல்ல உள்ள போறது வயரு போட்டவன்தான், ஒங்க ஆத்தாவுக்கு ஒண்ணு போச்சு, இன்னொண்ணையும் அனுப்பணுமான்னு கேட்டாரு. படத்துல நான் வயரு மாட்டுறது பின்னாடி தெரியுமோன்னு எனக்குப் பயம். போயிப் போட்டுப் பாத்தேன். தெளிவாத் தெரிஞ்சுச்சு."

"அதனால தங்கச்சி எவனோடயோ ஓடிப்போனான்னு ஊரு பேசட்டும்னு விட்டுட்ட," என்றாள் ஃபாயிஸா.

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லன்னு சொன்னியா?"

அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கூடவே அவன்மேல் இரக்கமும் வந்தது. வந்த இரக்கத்தின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. பழனிக்குமாரே திருடனாக இருந்திருந்தால் இந்நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு கேள்விதான் பாக்கி," என்றார் அருள்நாதன். "அழிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நீ மத்தியானம் வந்து, பொழுது சாயிற வரைக்கும் ஏசியில உக்காந்திருக்க. அம்புட்டு நேரம் என்னப்பா பண்ணின?"

பாண்டியராஜின் கை சட்டைப் பைக்குப் போனது. பழைய போன் ஒன்று, பின்பக்கம் கீறல் விழுந்தது. திரையில் விரலால் ஒரு கோலம் போட்டுத் திறந்து, எதையோ தட்டி, ஃபாயிஸாவிடம் நீட்டினான்.

நாகஜோதி இருந்தாள். தலையில் கட்டிய துணிக்கு வெளியே மல்லிகைப் பூ தொங்கியது. பின்னால் மில் பேர் எழுதிய சுவர். காமிராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். "என்னைய எதுக்குண்ணே எடுக்கிறீங்க? எங்கண்ணன் இங்கதான் கரண்டு வேல பாக்குது. அந்தா நிக்குது பாருங்க, அதப் புடிங்க," என்று கையை நீட்டினாள். காமிரா அவள் கை காட்டிய பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அத்தோடு படம் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"அதுக்கு மேல நான் தெரிவேன்," என்றான் பாண்டியராஜ். "அவளும் சேந்து அழியப் போறாளேன்னு திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன் சார். இம்புட்டு மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு, மிச்சத்த அழிச்சேன்."

"இது போதும்," என்றார் அருள்நாதன் தாழ்ந்த குரலில். "ஷூட்டிங் நடந்தது ஒரே நாள். இந்தப் பூ, அந்தச் சுவர், இது ஒண்ணே போதும் மில்லுக் கதையச் சாய்க்க. ஆனா இது எங்க இருந்து வந்துச்சுன்னு கோர்ட்டுல கேப்பாங்க. மேனேஜர் உள்ள போவாரு. அவருக்கு முன்னாடி நீ போவ."

"தெரியும் சார்."

வாசலில் செருப்புச் சத்தம். பேச்சாயி இடுப்பில் முருங்கைக்காய்க் கட்டோடு உள்ளே வந்தாள். ஃபாயிஸா போனை மறைக்க நினைப்பதற்குள், போனிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டுவிட்டது. "என்னைய எதுக்குண்ணே எடுக்கிறீங்க?"

கட்டு கீழே விழுந்தது.

பேச்சாயி போனை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அழவில்லை. திரையில் மகளுடைய தலையில் இருந்த பூவைத் தொட்டாள்.

"காலையில நான் வச்சு விட்ட பூவு," என்றாள். "மில்லுலதான நிக்கிறா? பாத்தீகளா? நாஞ் சொன்னேன்ல. எவனோடயும் போகல எம் மக." ஃபாயிஸாவின் கன்னத்தை வழித்தாள். "சொன்ன மாதிரியே காட்டிப்புட்டியே தாயி. ஏலே பாண்டி, பாருலே. கண்டுபுடிச்சுட்டாக. எங்க கெடைச்சுச்சு தாயி?"

ஃபாயிஸாவின் வாய் திறந்தது. எந்த நேரத்திலும் எதையாவது சொல்லிச் சமாளிக்கும் வாய். எங்கேயோ ஒரு கடையில் கிடைத்தது, பழைய கார்டு ஒன்றில் மிச்சம் இருந்தது, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த அம்மா நம்புவாள். அருள்நாதன் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவரும் அவளைத் தடுக்கவில்லை, தூண்டவும் இல்லை.

அதற்குள் திரை இருண்டது.

பேச்சாயி பதறிப்போய்த் தட்டினாள். திரையில் ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன. விரலை வைத்து இழுத்தாள், அதிர்ந்து மறுபடி புள்ளிகளைக் காட்டியது. "என்னமோ கேக்குது தாயி. தொறந்து குடு. இன்னொரு தடவ பாத்துக்கிறேன்."

ஃபாயிஸா கையில் வாங்கினாள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அவள் அவனைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

பாண்டியராஜ் கையை நீட்டிப் போனை வாங்கினான். பார்க்காமலே விரலால் அந்தக் கோலத்தை ஒரே இழுப்பில் போட்டான். நாகஜோதி வந்து சிரித்தாள். போனை அம்மாவிடம் நீட்டினான்.

பேச்சாயி போனை வாங்கவில்லை. அவன் விரலைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தை. அப்புறம் பொத்தான் திறந்து கிடந்த அந்தச் சட்டைப் பையை.

"இம்புட்டு நாளா," என்றாள், "உஞ் சட்டைப் பையிலயாலே இருந்தா எம் மக?"

போன் அவன் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. "அந்தா நிக்குது பாருங்க," என்று நாகஜோதி அண்ணனைக் கை காட்டினாள்.